வியாழக்கிழமை உனக்கு ஆகாது

உப்பைக் கேட்க வாய் திறந்தேன்,
வியாழக்கிழமை என்று வந்தது.
எதிர்வீட்டு ஜெல்யாஸ்கோ சிரிக்கவில்லை.
மேசையைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி
உப்புக் குப்பியைத் தொட்டு "இதுவா?" என்றான்.
தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.
பல்கேரியாவில் அதுதான் ஆமாம்.
"வியாழக்கிழமை உனக்கு ஆகாது" என்று
குப்பியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அக்டோபரிலிருந்து
என் வலது பக்கம்
வாடகை தராத குடித்தனக்காரன்.
கூடவே வருகிறது, கூடவே தூங்குகிறது,
எதைக் கேட்டாலும் பதில் இல்லை.
காலி செய்யச் சொல்லவும் முடியாது.

ரூசே நகரில் இருபத்தேழு வருஷம்
டிராலிபஸ் ஓட்டினவன் நான்.
வளைவில் அவசரப்பட்டால்
கூரைமேல் உள்ள கழி மின்கம்பியை விட்டு நழுவும்.
விளக்கு அணையும், வண்டி நிற்கும்.
மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.
இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றை இழுத்து
கழியைக் கம்பியில் மாட்டுவேன்.
இரண்டு நிமிஷம்.
பயிற்சி தரும் ஸ்னெஷானாவுக்கு
நான் திக்கித் திக்கிச் சொன்ன இந்தக் கதை
ரொம்பப் பிடித்துவிட்டது.
"உங்கள் கையும் அப்படித்தான், பென்கோ."
மறுக்க நினைத்தேன்; சொல் அகப்படவில்லை.
இரண்டு நிமிஷமா, பெண்ணே?
நாலு மாசம்.
கயிறு எங்கே?

அவள் தந்தது துணிக் கிளிப்புகள்.
ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு
நாற்பது கிளிப், வலது கையால் மட்டும்.
இடது கை உதவிக்கு ஓடி வரும்.
அதன்மேல் நானே உட்கார்ந்துகொள்கிறேன்.
முதல் நாள் மூன்று.
மூன்றாவது, கிண்ணத்துக்கு வெளியே விழுந்தது.
அதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு நோட்டும் உண்டு.
காலையில் ரத்த அழுத்தம், இரவில் ரத்த அழுத்தம்,
ஏறினால் பக்கத்தில் காரணம்.
இடது கை எழுத்து
ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று அழுகிறது.
நூற்று ஐம்பத்தெட்டு: வெள்ளைப் பாலாடைக்கட்டி.
நூற்று ஐம்பது: மாத்திரை மறந்தேன்.
நூற்று அறுபத்தொன்று: குளியலறையில் தலை சுற்றியது,
திரும்பவும் அதுதானோ என்று
தரையில் உட்கார்ந்திருந்தேன்.
காரணம் எழுதும் இடம் சின்னது.
"பயம்" என்று மட்டும் எழுதினேன்.
மருத்துவர் அந்தப் பக்கத்தை
மற்றவற்றைவிட நேரமெடுத்துப் படித்தார்.

ஞாயிறுதோறும் வலென்சியாவிலிருந்து
மகள் ரலிட்சா திரையில் வருவாள்,
தோளுக்குப் பின்னால் அவளுடைய ஸ்பானியக் கணவன்.
"நன்றாக இருக்கிறீர்களா?" இருவரும் கேட்டார்கள்.
தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.
மகள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு மலர்ந்தாள்.
மருமகன் இல்லை என்று எடுத்துக்கொண்டு வாடினான்.
அவள் அவனுக்கு விளக்க ஆரம்பித்தாள்.
விட்டுவிடு, மகளே.
ஒரே ஆட்டலில் இரண்டு பதில்,
இரண்டும் மெய்.

நேற்று ஆலங்கட்டி மழை.
ரொட்டி வாங்கக் கோலோடு இறங்கினேன்,
நாற்பத்திரண்டு படி, கைப்பிடி தப்பான பக்கம்.
தெருமுனையில் ஒன்பதாம் எண் வண்டி
கழி நழுவி இருட்டாக நின்றது.
ஓட்டுநர் பொடியன்.
கயிற்றோடு மல்லுக்கட்டுகிறான்,
கழி கம்பிக்கு ஒரு சாண் தள்ளித் தள்ளிப் போகிறது.
இடது! இன்னும் இடது! என்று கத்தினேன்.
வாயிலிருந்து வந்தது
"வியாழக்கிழமை! இன்னும் வியாழக்கிழமை!"
அவன் திரும்பிப் பார்த்தான்.
கோலை அக்குளில் இடுக்கி
கையைத் தூக்கிக் காட்டினேன்.
கம்பியில் ஒரு நீலப்பொறி.
உள்ளே வரிசையாக விளக்கு,
அத்தனை முகமும் ஒரே நேரத்தில்.

ஏறுகிறீர்களா என்று கதவைத் திறந்தான்.
மோவாயை மேலே தூக்கினேன். இல்லை.
ரொட்டி வாங்கவேண்டும்.
பிறகு அந்தப் படிகள்.
வீட்டில் இன்னும் பதினொரு கிளிப் பாக்கி.